ஒரு பெட்டி, இரண்டு காதுகள்

அம்பத்தூர் ரயில் நிலையத்து நடைமேம்பாலத்தின் மேல் ஏறி நின்று சுற்றுமுற்றும் பாருங்கள். கண்ணுக்கெட்டிய தூரம்வரை மொட்டைமாடிகள். தண்ணீர்த் தொட்டிகளுக்கும் துணி காயும் கொடிகளுக்கும் நடுவே எத்தனை எத்தனை டிஷ் ஆண்டெனாக்கள்! அவற்றுள் ஒன்றாவது வடக்கு நோக்கி இருக்கிறதா என்று தேடுங்கள். கிடைக்காது. சில ஏறத்தாழ நேர் தெற்கே பார்க்கின்றன, சில தென்கிழக்கே, இன்னும் சில கிழக்குப் பக்கம் கொஞ்சம் கூடுதலாகச் சாய்ந்திருக்கின்றன. வடக்கே முதுகு காட்டுவதில் மட்டும் எல்லாவற்றுக்கும் ஒற்றுமை.

இன்னும் உற்றுப் பார்த்தால், பழைய வீடு ஒன்றின் கைப்பிடிச் சுவரில், சதை தின்றபின் மிஞ்சிய மீன் முள்ளைப்போல ஓர் அலுமினியச் சட்டம் துருப்பிடித்த குழாயில் தொங்கிக்கொண்டிருக்கும். உங்கள் தாத்தா காலத்து ஆண்டெனா அது.

டிஷ் வானத்தைக் கேட்கிறது. மீன் முள் தரையைக் கேட்டது. இவை இரண்டின் வேலையையும் ஒரே பெட்டி செய்யும் என்று கடைகளில் ஒரு பொருள் விற்கிறார்கள். ‘காம்போ பெட்டி’ என்று அதற்குப் பெயர். செயற்கைக்கோள் வழியே வரும் டிஜிட்டல் ஒளிபரப்பையும், தரைக் கோபுரத்திலிருந்து வரும் டிஜிட்டல் ஒளிபரப்பையும் அது வாங்கிக்கொள்ளும். உங்கள் வீட்டில் அப்படி ஒன்றை வாங்கலாமா என்ற பேச்சு எழுந்தால், அப்பாவுக்கும் அம்மாவுக்கும் யோசனை சொல்லும் தகுதி உங்களுக்குத்தான் உண்டு. பத்தாம் வகுப்புப் பௌதிகமும் கொஞ்சம் திரிகோண கணிதமும் போதும். கடைக்காரர் சொல்வதைக் கேட்பதற்கு முன், நம் மொட்டைமாடிக்கு வந்து சேரும் அலைகள் என்ன சொல்கின்றன என்று கேட்டுவிடுவோம்.

முதலில் வானத்துக் காது.

பூமத்திய ரேகைக்கு மேலே ஏறத்தாழ 35,800 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு துணைக்கோளை ஓடவிட்டால், பூமி ஒருமுறை சுழலும் நேரத்தில் அதுவும் ஒருமுறை சுற்றிவிடும். தரையில் நிற்கும் நமக்கு அது அசையாமல் ஒரே இடத்தில் நிற்பதாகத் தோன்றும். இத்தகைய மூன்று கோள்களைக் கொண்டு உலகம் முழுவதற்கும் ஒலி, ஒளி பரப்பலாம் என்று 1945-இலேயே எழுதியவர் ஆர்தர் கிளார்க். பின்னாளில் நம் பக்கத்து நாடான இலங்கையில் குடியேறி அங்கேயே வாழ்ந்தவர்.

அந்தக் கோள்களெல்லாம் பூமத்திய ரேகைக்கு மேலே நிற்கின்றன. நாமோ அந்த ரேகைக்கு 13 பாகை வடக்கே இருக்கிறோம். ஆகவேதான் நம் டிஷ் எதுவும் வடக்கே பார்ப்பதில்லை.

தூர்தர்ஷனின் ‘டிடி ஃப்ரீ டிஷ்’ ஒளிபரப்பை எடுத்துக்கொள்வோம். ‘டிடி டைரக்ட் பிளஸ்’ என்ற பெயரில் 2004 டிசம்பரில் தொடங்கிய சேவை இது. மாதச் சந்தா கிடையாது. 2015 நவம்பரில் ஏவப்பட்ட ஜிசாட்-15 என்னும் கோள், கிழக்குத் தீர்க்கரேகை 93.5 பாகைக்கு நேர் மேலே நின்று இதைப் பொழிகிறது. ஆவடியின் தீர்க்கரேகை ஏறத்தாழ 80.1 பாகை. இவற்றைக் கொண்டு கணக்கிட்டால், ஆவடியில் நிற்பவருக்கு அந்தக் கோள் தென்கிழக்குத் திசையில், அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 68 பாகை உயரத்தில் இருக்கும். அம்பத்தூருக்கும் பூந்தமல்லிக்கும் இதே கணக்குதான்; அரைப் பாகைகூட வேறுபடாது.

68 பாகை என்றால் கிட்டத்தட்ட தலைக்கு மேலேதான். இதில் நமக்கு ஒரு பெரிய சௌகரியம் இருக்கிறது. 68 பாகையின் டான்ஜென்ட் ஏறத்தாழ 2.5. தென்கிழக்கில் உள்ள எதிர்வீடு உங்கள் டிஷ்ஷைவிடப் பத்து மீட்டர் உயர்ந்து நின்றாலும், அது ஐந்து மீட்டர் தள்ளியிருந்தால் அலையை மறைக்காது. அடுக்குமாடிகள் நெருங்கிக்கொண்டே வரும் நம் புறநகர்களில் இது எவ்வளவு நல்ல செய்தி! பக்கத்துத் தென்னை மரம் மட்டும் கவனிக்க வேண்டியது. அது வளரும்.

டிஷ்ஷைப் பார்த்தால் அவ்வளவு மேலே நோக்குவதாகத் தெரியவில்லையே என்று கேட்பீர்கள். சரியான கேள்வி. வீட்டு டிஷ் ஒரு முழுப் பரவளையக் கிண்ணம் அல்ல. பெரிய கிண்ணத்தின் ஒரு பக்கத்திலிருந்து வெட்டியெடுத்த துண்டு. ஆகவே அது தன் முகம் காட்டும் திசையைவிட ஏறக்குறைய 25 பாகை மேலே பார்க்கிறது. ஓரக்கண்ணால் பார்ப்பதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். மழைநீர் தேங்காமல் வழிந்துவிடும் என்பதும், குவியத்தில் உள்ள பாகம் வரும் அலையை மறைக்காது என்பதும் இதில் கிடைக்கும் லாபங்கள்.

குவியத்தில் இருக்கும் அந்தச் சிறு பாகத்துக்கு எல்.என்.பி. என்று பெயர். வரும் அலையின் அதிர்வெண் மிக அதிகம். உதாரணமாக 11,090 மெகாஹெர்ட்ஸ். இவ்வளவு அதிர்வெண்ணைச் சாதாரண கேபிளில் அனுப்பினால் வழியிலேயே தேய்ந்துபோகும். எனவே எல்.என்.பி. தன்னுள் 9,750 மெகாஹெர்ட்ஸ் அலை ஒன்றைத் தானே உண்டாக்கி, வந்த அலையோடு கலக்கிறது. கழித்தால் மிஞ்சுவது 1,340 மெகாஹெர்ட்ஸ். இதைக் கேபிள் சுமந்துவிடும். இந்த வேலைக்கு வேண்டிய மின்சாரமும் அதே கேபிளில் கீழேயிருந்து பெட்டிதான் அனுப்புகிறது. 13 வோல்ட் அனுப்பினால் ஒருவகைத் தளத்தில் அதிரும் அலையையும், 18 வோல்ட் அனுப்பினால் அதற்குச் செங்குத்தான தளத்தில் அதிரும் அலையையும் எல்.என்.பி. தேர்ந்தெடுக்கும். ஒரே கம்பியில் மின்சாரம் மேலே போகிறது, கட்டளையும் மேலே போகிறது, படம் கீழே வருகிறது!

இனித் தரைக் காது.

சென்னையில் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. அம்பத்தூரிலும் ஆவடியிலும் பெட்டி வைத்திருந்த வீட்டில் தெருவே கூடிப் படம் பார்த்த காலம் அது. மீன் முள் ஆண்டெனாவின் மேல் காகம் உட்கார்ந்தால் படம் ஆடும். ஒருவர் மாடியில் நின்று குழாயைத் திருக, இன்னொருவர் கீழேயிருந்து “வந்துடுச்சு… போயிடுச்சு…” என்று கத்துவார். அந்த ஆண்டெனாவை 1926-இல் உருவாக்கியவர்கள் ஜப்பானியரான உடா, யாகி என்ற இருவர். பெயர் நிலைத்தது யாகிக்கு. வேலையில் பெரும்பங்கு உடாவுடையது.

பழைய அனலாக் தரைவழி ஒளிபரப்பைத் தூர்தர்ஷன் படிப்படியாகக் குறைத்து, 2022-க்குள் முக்கியமான சில இடங்கள் நீங்கலாக நாடெங்கும் நிறுத்திவிட்டது. இதற்கிடையே 2016 பிப்ரவரியில் சென்னை உட்பட 16 நகரங்களில் டிஜிட்டல் தரைவழி ஒளிபரப்பு தொடங்கப்பட்டது. அதற்கு இந்தியா தேர்ந்துகொண்ட முறையின் பெயர் டி.வி.பி.-டி2. இந்தப் பெயரை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கடையில் தேவைப்படும்.

சேப்பாக்கம் சுவாமி சிவானந்தா சாலையில் உள்ள தூர்தர்ஷன் வளாகத்திலிருந்து அம்பத்தூர் நேர்கோட்டில் சுமார் 15 கிலோமீட்டர். ஆவடியும் பூந்தமல்லியும் சுமார் 20. தரைவழி அலை அடிவானம்வரைதான் நன்றாகப் போகும். நூறு மீட்டர் உயரக் கோபுரம் ஒன்றும், பத்து மீட்டர் உயர மாடியில் ஓர் ஆண்டெனாவும் இருப்பதாக வைத்துக்கொண்டால், பூமியின் வளைவு ஐம்பது கிலோமீட்டர் அளவில்தான் குறுக்கே வரும். ஆகவே நம் புறநகர்களுக்குத் தூரம் ஒரு தடையே அல்ல. இடையில் முளைத்துள்ள கட்டடங்கள்தாம் தடை. செயற்கைக்கோள் அலை தலைக்கு மேலிருந்து இறங்குகிறது. தரை அலையோ அண்ணா நகரையும் வில்லிவாக்கத்தையும் கோயம்பேட்டையும் கட்டடம் கட்டடமாகக் கடந்து, கிழக்கேயிருந்து கிடையாக வர வேண்டும்.

வரும் வழியில் அது சுவர்களில் மோதி எதிரொலிக்கும். பழைய அனலாக் காலத்தில் இந்த எதிரொலி திரையில் இரட்டை உருவமாகத் தெரியும். செய்தி வாசிப்பவருக்குப் பக்கத்தில் அவருடைய ஆவி நிற்பதுபோல. டிஜிட்டல் முறையில் இதற்கு அழகான ஒரு மாற்று உண்டு. செய்தியை ஆயிரக்கணக்கான சிறு அலைகளில் பங்கிட்டு மெதுவாக அனுப்புகிறார்கள். ஒவ்வொரு துண்டுக்கும் முன்னால் கொஞ்சம் இடைவேளை விடுகிறார்கள். எதிரொலி வந்து அடங்கியபின் பெட்டி செய்தியைப் படிக்கிறது. பெரிய மண்டபத்தில் பேசுகிறவர் ஒரு சொல்லுக்கும் மறு சொல்லுக்கும் இடையே நிறுத்திப் பேசினால் புரிகிறதல்லவா, அதே தந்திரம்தான்.

ஆனால் டிஜிட்டலுக்கு ஒரு கண்டிப்பான குணம் உண்டு. அனலாக் படம் சிக்னல் குறையக் குறையப் புள்ளி புள்ளியாகி, மங்கி, கடைசியில் மறையும். டிஜிட்டல் படம் கடைசிவரை பளிச்சென்று இருந்து, ஒரு எல்லைக்குக் கீழே போனதும் கட்டம் கட்டமாகச் சிதறி அடியோடு நின்றுவிடும். பாதிப் படம் என்ற பேச்சே இல்லை. எனவே “படம் வருகிறது” என்பதோடு திருப்தி அடையக் கூடாது. எல்லைக்கு மேலே எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். பெட்டியின் மெனுவில் ‘ஸ்ட்ரெங்த்’, ‘குவாலிட்டி’ என்று இரண்டு பட்டைகள் தெரியுமே, அவற்றுள் இரண்டாவதுதான் உண்மை சொல்லும். முதலாவது இரைச்சலையும் சேர்த்து அளக்கிறது.

இந்த மிச்சம் எப்போது உதவும்? ஐப்பசி, கார்த்திகை மழையில். 11,090 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் வெறும் 2.7 சென்டிமீட்டர். பெரிய மழைத்துளியின் விட்டம் ஐந்து மில்லிமீட்டர்வரை இருக்கும். அலைநீளத்தோடு ஒப்பிடத்தக்க அளவு! அதனால் ஒவ்வொரு துளியும் அலையிலிருந்து கொஞ்சம் ஆற்றலை உறிஞ்சியும் சிதறடித்தும் விடுகிறது. வடகிழக்குப் பருவமழை கொட்டும்போது, புயல் எங்கே கரை கடக்கிறது என்று வீடே கவலையோடு பார்த்துக்கொண்டிருக்கும் அந்த நேரத்தில்தான், திரையில் ‘சிக்னல் இல்லை’ என்று வரும். தரைவழி ஒளிபரப்புக்குப் பயன்படும் அலையோ 60 சென்டிமீட்டர் அளவில் நீளமானது. அதற்கு மழைத்துளி ஒரு பொருட்டே அல்ல. காம்போ பெட்டியின் உண்மையான பெருமை இங்கேதான் இருக்கிறது: ஒரு காது அடைத்துக்கொண்டால் மற்றது கேட்கும்.

(அவசரப்பட்டு மகிழ வேண்டாம். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது மின்சாரமே போய்விட்டது. மின்சாரம் இல்லாத பெட்டிக்கு எத்தனை காது இருந்தென்ன! பேட்டரியில் ஓடும் ஒரு சிறு வானொலியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.)

மழைக்கு இன்னொரு மருந்து பெரிய டிஷ். 60 சென்டிமீட்டருக்குப் பதில் 90 சென்டிமீட்டர் டிஷ் வைத்தால் பரப்பு 2.25 மடங்கு, சேரும் ஆற்றலும் அதே மடங்கு. ஆனால் டிஷ் பெரிதாக ஆக அதன் பார்வை குறுகும். 60 சென்டிமீட்டர் டிஷ்ஷின் பார்வையே சுமார் மூன்று பாகைதான். காற்றில் அதன் விளிம்பு ஒரு சென்டிமீட்டர் நகர்ந்தால் சிக்னலில் பாதி போய்விடும். பெரிய டிஷ் வாங்குகிறவர் முதலில் நல்ல கம்பமும் இறுக்கமான போல்ட்டுகளும் வாங்க வேண்டும்.

சரி, கடைக்குப் போவோம். ரிச்சி தெருவானாலும் பூந்தமல்லி கடைத்தெருவானாலும் அட்டைப் பெட்டியின் பின்பக்கத்தைப் படித்துவிட்டுத்தான் முன்பக்கத்துப் படத்தைப் பார்க்க வேண்டும்.

திருமுல்லைவாயலில் எனக்குத் தெரிந்த ஒருவருக்கு அமெரிக்காவிலிருந்து வந்த உறவினர் அன்போடு ஒரு காம்போ பெட்டி கொண்டுவந்து கொடுத்தார். டிஷ்ஷை மாட்டியதும் படம் வந்தது. தரை ஆண்டெனாவை மாட்டி இரண்டு நாள் திருகியும் ஒன்றும் வரவில்லை. ஆண்டெனாவை மாற்றினார், கேபிளை மாற்றினார், கடைசியில் மனைவியோடு சண்டையும் போட்டார். பெட்டி பழுது அல்ல. அமெரிக்காவின் தரைவழி முறை ஏ.டி.எஸ்.சி.; ஜப்பான் வகுத்தது ஐ.எஸ்.டி.பி.-டி, சீனாவுடையது வேறு. ஒன்றின் பேச்சு மற்றொன்றுக்குப் புரியாது. நமக்கு வேண்டியது டி.வி.பி.-டி2. அதிலும் கடைசியில் உள்ள ‘2’ முக்கியம். வெறும் டி.வி.பி.-டி என்றிருந்தால் அது முந்தைய தலைமுறை. டி2 அலையைப் படிக்கத் தெரியாது. டி2 பெட்டிகள் பெரும்பாலும் பழையதையும் படிக்கும், தலைகீழாக நடக்காது.

வானத்துப் பக்கமும் இப்படியே. டி.வி.பி.-எஸ்2 என்றிருக்க வேண்டும். படத்தைச் சுருக்கி அனுப்பும் முறையில் எம்பெக்-2, எம்பெக்-4 என்று இரண்டு உண்டு. ஃப்ரீ டிஷ்ஷில் இரண்டும் கலந்து வருகின்றன. எம்பெக்-2 மட்டும் தெரிந்த மலிவுப் பெட்டியை வாங்கினால், எம்பெக்-4-இல் வரும் சேனல்கள் வராமலே போய்விடும். வராதவற்றின் பெயர்கூடப் பட்டியலில் தெரியாது என்பதால், இழந்தோம் என்பதே உங்களுக்குத் தெரியாது! இது உங்களையும் பாதிக்கும் விஷயம். பள்ளிப் பாடங்களுக்கான ‘பி.எம். ஈ-வித்யா’ சேனல்கள் 2020 முதல் இந்தச் சேவையில் வருகின்றன.

“இந்தப் பெட்டியில் எல்லாச் சேனலும் வரும்” என்று யாராவது சொன்னால் சிரித்துக்கொள்ளுங்கள். கட்டணச் சேனல்கள் பூட்டப்பட்ட நிலையில் வருகின்றன. சாவி அந்தந்த நிறுவனத்தின் பெட்டியிலும் அட்டையிலும் இருக்கிறது. காம்போ பெட்டி திறந்த அலைகளைத்தான் படிக்கும். ஃப்ரீ டிஷ் வரிசையில் இந்தி சேனல்களே அதிகம். டிடி தமிழ் வரும். ஆனால் பாட்டி அன்றாடம் பார்க்கும் தனியார் தமிழ்த் தொடர் வருமா என்று முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள். பௌதிகம் எல்லாம் சரியாக இருந்து, பாட்டியின் தொடர் வராவிட்டால் அந்தப் பெட்டி உங்கள் வீட்டில் ஒரு வாரம் தாங்காது.

புதிய தொலைக்காட்சி வாங்கும் எண்ணம் இருந்தால் இன்னொன்றும் யோசிக்கலாம். செயற்கைக்கோள் ட்யூனரை உள்ளேயே கொண்ட தொலைக்காட்சிகளுக்காக இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஐ.எஸ். 18112 என்ற தரத்தை 2022-இல் வகுத்திருக்கிறது. அப்படிப்பட்ட தொலைக்காட்சியில் டிஷ் கேபிளை நேரே மாட்டலாம். டி2 ட்யூனரும் அதில் சேர்ந்திருந்தால் தனிப் பெட்டியே தேவையில்லை. ஏற்கெனவே வீட்டில் இருக்கும் தொலைக்காட்சியின் குறிப்புப் புத்தகத்தையும் ஒருமுறை புரட்டுங்கள். தரைக் காது அதிலேயே இருக்கக்கூடும். நாம்தான் அதற்கு ஆண்டெனா மாட்டியதில்லை.

மாடியிலிருந்து இரண்டு கேபிள் இழுக்க வேண்டுமா என்பது அடுத்த கேள்வி. அவசியமில்லை. எல்.என்.பி.யிலிருந்து வருவது 950 முதல் 2,150 மெகாஹெர்ட்ஸ் வரை. தரை அலை அதற்கு வெகு கீழே. இரண்டும் ஒரே கேபிளில் முட்டிக்கொள்ளாமல் பயணம் செய்யும். மேலே சேர்க்கவும் கீழே பிரிக்கவும் ‘டிப்ளெக்ஸர்’ என்ற சிறு உறுப்பு இரண்டு வாங்க வேண்டும். எல்.என்.பி.க்குப் போகும் மின்சாரம் தரை ஆண்டெனாவுக்குள் போகாதபடி தடுக்கும் வகைதானா என்று கேட்டு வாங்குங்கள்.

இவ்வளவும் படித்தபின், பணத்தை எடுப்பதற்கு முன் செய்ய வேண்டிய சோதனை ஒன்று இருக்கிறது. தரைவழி ஒளிபரப்பில் எந்தச் சேனல், எத்தனை சேனல் என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடியது. உங்கள் மாடியில் அலை வருகிறதா என்பதோ வீட்டுக்கு வீடு மாறும். இதைக் கடைக்காரர் சொல்ல முடியாது. இருபது ரூபாய்க் கம்பி சொல்லும்.

500 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 60 சென்டிமீட்டர். அதில் பாதி 30. கம்பியின் முனைகளில் நேரும் விளைவுக்காக ஐந்து சதவீதம் கழித்தால் 28.5. ஆக, தலா 14 சென்டிமீட்டர் நீளமுள்ள இரண்டு தடித்த செம்புக் கம்பிகளை ஒரு மரப்பலகையில் ஒரே நேர்கோட்டில், நடுவில் சிறு இடைவெளி விட்டுப் பொருத்துங்கள். 75 ஓம் கேபிளின் நடுக்கம்பியை ஒன்றோடும், வெளிப்பின்னலை மற்றொன்றோடும் இணையுங்கள். இத்தகைய ஆண்டெனாவின் தடை இயல்பாகவே ஏறத்தாழ 73 ஓம். கேபிளோடு எவ்வளவு நன்றாகப் பொருந்துகிறது பாருங்கள்! பலகையை மாடியில் படுக்கையாகப் பிடித்து, கம்பிகள் வடக்கு தெற்காக இருக்கும்படி வைத்தால் அதன் பார்வை கிழக்கே, சேப்பாக்கத்தை நோக்கி இருக்கும். கேபிளின் மறுமுனையை டி2 ட்யூனர் உள்ள ஒரு தொலைக்காட்சியில் மாட்டி, தானாகத் தேடும் வசதியை ஓட்டுங்கள். உங்களிடம் இல்லாவிட்டால் அடுத்த வீட்டில் இருக்கும். மாடியில் வேலை செய்யும்போது மின்கம்பிகளுக்கு அருகே போகாதீர்கள். கூட ஒரு பெரியவரை வைத்துக்கொள்ளுங்கள்.

சேனல்கள் சிக்கி, ‘குவாலிட்டி’ பட்டையும் திடமாக நின்றால், காம்போ பெட்டி உங்கள் வீட்டுக்கு ஏற்றதே. ஒன்றும் சிக்காவிட்டால் பலகையை இரண்டு மீட்டர் நகர்த்தி, இன்னும் உயரத்தில் பிடித்து, வேறொரு நாளும் முயன்று பாருங்கள். அப்போதும் இல்லையென்றால் வெறும் எஸ்2 பெட்டி போதும். மீதிப் பணத்தில் டிஷ்ஷை ஓரளவு பெரிதாக வாங்கலாம்.

டிஷ் ஏற்கெனவே இருக்கிறதா? அதற்கும் ஒரு சோதனை உண்டு, செலவில்லாதது. மார்ச் மாத நடுவிலும் செப்டம்பர் இறுதியிலும் சில நாட்கள், முற்பகல் 11 மணியை ஒட்டி, நம் ஊரிலிருந்து பார்க்கும்போது சூரியன் ஜிசாட்-15-க்கு நேர் பின்னால் வருகிறது. அந்தச் சில நிமிடங்கள் சூரியனின் இரைச்சலில் படம் தடுமாறும். அப்போது மாடிக்கு ஓடிப்போய் டிஷ்ஷைப் பாருங்கள். டிஷ் சரியாகப் பொருத்தப்பட்டிருந்தால், அதில் பட்டுத் திரும்பும் வெயில் எல்.என்.பி.யின் முகத்தில் ஒரு சிறு ஒளிப்பொட்டாகக் குவிந்திருக்கும்.